பந்தலில் ஒரு அலறல்

“கொல்றாய்ங்க... யாராச்சும் வாங்க...”

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அலறியது.

நசீமாவின் கையிலிருந்த டீ டம்ளர் கவிழ்ந்து கீபோர்டு நனைந்தது.

ஸ்பீக்கரில் ஒரு நாற்காலி உருளும் சத்தம். எதையோ ஓங்கி அடிக்கும் சத்தம்.

பிறகு... ஒன்றுமில்லை.

கம்பம் டவுனில் அன்றைக்கு வாயைத் திறக்கக்கூடிய கருவி அது ஒன்றுதான். 2008, ஐப்பசி மழை. கேரளாவுக்கு ஏறும் மெட்டு ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கரண்ட் போய், செல்போன் டவர்கள் ஊமையாகி, லேண்ட்லைன் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அல்தாப்பின் செல்போன் கடை மாடியில் மட்டும் ஒரு லாரி பேட்டரியின் தயவில் கம்ப்யூட்டர் ஓடியது.

நசீமா பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள். அல்தாப் அவளுடைய சின்னத்தா மகன், தம்பி முறை. இரண்டு பேரும் இன்னும் சில கிறுக்கர்களோடு சேர்ந்து எழுதிய மென்பொருளுக்குப் பெயர் ‘பந்தல்’. திராட்சைக்கொடி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு படர்கிற மாதிரி, ஊருக்கு ஊர் மாடியில் கட்டிய வயர்லெஸ் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரு பெட்டி செத்தால் பேச்சு அடுத்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகும். டவர் வேண்டாம். கம்பெனி வேண்டாம். மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். எழுதியவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, வீட்டில் மரியாதையும் கிடையாது.

“அக்கா... இது யாரு பெட்டி?”

அல்தாப் திரையில் விரல் வைத்தான். வரைபடத்தில் கம்பம், உத்தமபாளையம், காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று பச்சைப் புள்ளிகள். எல்லாம் அவர்கள் கட்டியவை. சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் இன்னொரு புள்ளி. அலறல் அங்கிருந்துதான் வந்திருந்தது.

“சுருளிப்பட்டிப் பக்கம் நாம பெட்டியே கட்டலையே.”

“கட்டல.”

“அப்ப யாரு கட்டுனா?”

“யாரு வேணாலும் கட்டலாம்டா. அப்படித்தான எழுதியிருக்கோம்.”

“அது தப்புன்னு அன்னைக்கே சொன்னேன்.”

“அன்னைக்கு நீ பரோட்டா கேட்ட. வேற எதுவும் சொல்லல.”

அல்தாப் செல்போனை எடுத்தான். “போலீசுக்குச் சொல்லிருவோம்.”

“எதுல சொல்லுவ?”

செத்துக் கிடந்த செல்போனைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான். “நேர்ல போவோம்.”

“ஸ்டேஷன்ல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் மண்ணு அள்ளப் போயிட்டாக. வண்டிய எடு.”

“நம்மளாக்கா?”

“ரெண்டு வருசமா எழுதுறோம். இன்னைக்குத்தான் மொத ஆளு ஆபத்துன்னு கூப்பிட்டிருக்கான். போகாம?”

“மொத ஆளையே கொல்றாய்ங்களாம். சகுனம் சரியில்லக்கா.”

நசீமா லேப்டாப்பை பாலிதீன் கவரில் சுற்றினாள். “இந்த நேரம் வராகன் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா...”

“ஆரம்பிச்சுட்டியா?”

வராகன் என்பது ஒரு மெயில் முகவரி. ஆளை யாரும் பார்த்ததில்லை. பந்தலில் என்ன கோளாறு என்றாலும் மறுநாள் அவனிடமிருந்து திருத்தம் வந்துவிடும். பெட்டிக்குப் பெட்டி குரல் போகும்படி எழுதியதே அவன்தான். அல்தாப்பைப் பொறுத்தவரை அவன் அமெரிக்காவில் இருக்கிற ஒரு கிழவன். நசீமா அவனுக்கு வேறு வயதும் வேறு உயரமும் கொடுத்து வைத்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு தடவைதான் அவளுக்கும் வராகனுக்கும் மெயிலில் முட்டிக்கொண்டது. பெட்டியை வரைபடத்தில் தெரியாமல் மறைக்கிற வசதி வேண்டும் என்றான். நசீமா மறுத்துவிட்டாள். வெள்ளத்தில் மாட்டியவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாவிட்டால் பந்தல் எதற்கு?

டிவிஎஸ் 50 மழையைக் கிழித்துக்கொண்டு போனது. கிழித்தது என்பது மரியாதைக்குச் சொன்னது. பின்னால் உட்கார்ந்த நசீமா பால்பவுடர் டின்னில் செய்த ஆண்டெனாவை நாலாபக்கமும் திருப்பினாள். எந்தப் பக்கம் சிக்னல் ஏறுகிறதோ அந்தப் பக்கம் வண்டி.

சுருளிப்பட்டி விலக்கில் குடைக்குள் நின்ற மாயக்காள் என்ற அம்மாள் வண்டியை மறித்தாள். “என்னத்தா டப்பா அது? சொட்டு மருந்தா?”

“இல்ல பெரியம்மா. சிக்னல் பிடிக்கிறோம்.”

“பிடிச்சா எனக்கும் ரெண்டு குடுத்துட்டுப் போ.”

சிக்னல் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. பந்தலுக்கு அடியில் குனிந்தபடி நடந்தார்கள். கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் மோட்டார் ரூம்.

நசீமா தகர இடுக்கில் கண்ணை வைத்தாள்.

உள்ளே மூட்டைகள். லாரி பேட்டரியில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். நாற்காலியில் கட்டிப்போட்டபடி கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதன். அவனுக்கு முன்னால் பனியனும் லுங்கியுமாக, கிடா மீசையோடு ஒரு தடியன். கையில் பிரம்பு.

“சொல்றா... மிச்சச் சரக்கு எங்கன இருக்கு?”

பிரம்பு மேஜையில் விழுந்தது. கண்ணாடிக்காரன் உடம்பெல்லாம் துள்ளியது.

“கொள்ளைக்காரன்,” என்று நசீமா கிசுகிசுத்தாள்.

“மீசையப் பாத்தாலே தெரியுது. திரும்பிப் போயிருவோம்க்கா.”

வாசலில் திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தக் கலவை, ஸ்ப்ரேயரில் நிரப்பித் தயாராக இருந்தது. நசீமா அதை அல்தாப்பின் கையில் திணித்தாள்.

கதவு திறந்தது. தடியன் திரும்பினான்.

ப்ஷ்ஷ்ஷ்...

மீசை நீலம். பனியன் நீலம். தடியன் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாற, இரண்டு பேரும் சேர்ந்து மோட்டார் ரூமுக்குள் தள்ளிக் கொண்டியைப் போட்டார்கள். உள்ளே தண்ணீர்த் தொட்டியில் ‘தொபக்’ என்று ஒரு சத்தம்.

நசீமா ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தாள்.

“உசிரக் காப்பாத்துனீங்க. ரொம்ப நன்றி நசீமா மேடம்.” கண்ணாடிக்காரன் கும்பிட்டான். மேஜையடியில் இருந்த வயர்லெஸ் பெட்டியையும் அதன் சின்ன பேட்டரியையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். “நான் போய்ப் போலீசக் கூட்டிட்டு வந்துர்றேன். தம்பி, வண்டிச் சாவி?”

அல்தாப் கொடுத்தான். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மோட்டார் ரூம் கதவு அதிர்ந்தது. “ஏலே... நான்தான்டா போலீசு. ஏட்டு ஒச்சாண்டி. மப்டியில வந்திருக்கேன்.”

“மாட்டுனவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்,” என்றான் அல்தாப்.

கதவுக்கு அடியில் ஓர் அட்டை வந்தது. நீலம் சொட்டியது. அல்தாப் துடைத்துப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“அக்கா... போட்டோல நீலம் இல்ல. மத்தபடி இவருதான்.”

நசீமா மூட்டை ஒன்றைப் பிரித்தாள். வாசம் மூக்கில் ஏறியது. துளசி இல்லை.

கஞ்சா.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கொட்டகைக்குள் அவள் தன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பாதி எழுதிய மெயில் ஒன்று திறந்து கிடந்தது. ‘நசீமா மேடம், குரலில் எதிரொலி வருகிற கோளாறைச் சரிசெய்துவிட்டேன்...’

கீழே கையெழுத்து. வராகன்.

அவள் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கொண்டியைத் திறந்ததும் ஏட்டு வெளியே வந்தார். கண் சிவப்பு. மற்றதெல்லாம் நீலம்.

“அவன் பேரு வைகுண்டராஜ். வருசநாட்டு மலையிலருந்து சரக்கு இறங்குறது, கேரளாவுக்கு ஏறுறது, எல்லாம் இந்தப் பெட்டில பேசித்தான். செல்போனா இருந்தா ஒட்டுக் கேட்டிருப்போம். பிடிச்சதும் ஒரு பட்டன அமுக்கி ஒப்பாரி வச்சான். அவன் கூட்டாளிக வருவாய்ங்கன்னு காத்திருந்தேன். நீங்க வந்தீக.”

“மன்னிச்சிருங்க சார்.”

“இத எழுதுனது யாரோ நசீமா மேடம்னு சொன்னான். நீங்கதானா? என்ன வெலைக்குக் குடுத்தீக?”

“இலவசம் சார்,” என்றாள் நசீமா. சொல்லும்போதே நாக்கு கூசியது. “அவன் அனுப்புற திருத்தம் அவ்வளவு சுத்தமா இருக்கும். சந்தேகமே வரல.”

“மெட்டு ரோடு அடைச்சிருக்கு. எங்கன போவான்?”

நசீமா லேப்டாப்பை விரித்தாள். பெட்டி அவன் தோளில்தான் தொங்குகிறது. ஆட்களோடு பேச வேண்டும் என்றால் அதை அணைக்க முடியாது. பெயரில்லாத புள்ளி காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

“ராயப்பன்பட்டி வழியா சின்னமனூருக்குப் போறான். அங்கன நம்ம பிரின்ஸ் இருக்கான்.”

பிரின்ஸ் ராயப்பன்பட்டியில் கேபிள் டிவி நடத்துகிறவன். அந்தப் பக்கம் படர்ந்த ஒரே கொடி. ஊர்த் தண்ணீர் டேங்க் உச்சியில் அவன் கட்டிய பெட்டி இருந்தது. நசீமா கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

ராயப்பன்பட்டிப் புள்ளி சாம்பல் நிறமாகிக் கிடந்தது. காற்றிலோ மழையிலோ செத்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வராகனின் புள்ளியும் வரைபடத்தை விட்டு நழுவி மறைந்தது.

“போச்சு,” என்றார் ஏட்டு.

“என் வண்டி,” என்றான் அல்தாப்.

நசீமா புள்ளி மறைந்த இடத்தையே பார்த்தாள். ஆபத்தில் இருப்பவனுக்கென்று கட்டிய பந்தலில் முதலில் ஒதுங்கியவன் ஒரு களவாணி. அவனைத் தப்பிக்க விட்டதும் அவளே.

மழை விட்டுத் தூறலானது. ஏட்டு தன் பனியனைப் பிழிந்தார். நீலமாக ஒழுகியது.

திடீரென்று லேப்டாப் கரகரத்தது.

“அலோ... நசீமாக்கா? பிரின்ஸ் பேசுறேன். காதுல விழுதா?”

குரல் கண்ணாடி மாதிரி வந்தது.

“விழுதுடா. உன் பெட்டி செத்துப்போச்சே, எப்படி வந்துச்சு?”

“காத்துல ஆண்டெனா சாஞ்சிருச்சுக்கா. டேங்க்ல ஏற எனக்குப் பயம். வழியில போன ஒரு மனுசன் வண்டிய நிறுத்தித் தோள்ல தொங்குன பெட்டியத் தட்டிப் பாத்தாரு. சிக்னல் கெடைக்கல போல. டேங்க்க அண்ணாந்து பாத்தவருக்குப் பொறுக்கல. இப்படியாய்யா கட்டுவீங்க, உங்களையெல்லாம் யாரு இதுல சேத்துக்கிட்டதுன்னு திட்டிக்கிட்டே ஏறிட்டாரு.”

கொட்டகைக்குள் மூன்று தலைகளும் லேப்டாப் மேல் குனிந்தன.

“கண்ணாடி போட்டிருக்காரா?” என்றாள் நசீமா.

“ஆமாக்கா. டீ கூட வேணாம்ட்டாரு. தங்கமான மனுசன்.”

ஏட்டு லேப்டாப் மேல் பாய்ந்தார். நசீமா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பிரின்ஸ், அந்த டேங்க்ல கீழ்ப்படி எல்லாம் உதுந்துபோச்சே. எதுல ஏறுனாரு?”

“மூங்கில் ஏணி சாத்திக் குடுத்தேன். எதுக்குக்கா?”

“வேலை முடிஞ்சிருச்சா?”

“இன்னும் ரெண்டு ஸ்க்ரூ பாக்கியாம்.”

நசீமா ஒரு கணம் யோசித்தாள். எப்படிப் பார்த்தாலும் வராகன் கை வைத்தால் வேலை சுத்தமாக இருக்கும்.

“அவசரப்படுத்தாத. நல்லா முறுக்கட்டும்,” என்றாள். “முடிச்சதும் ஏணிய எடுத்துரு.”