டாட்டா ஜன்னல்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் பெற்றோருக்குக் கை காட்டி வழியனுப்பும் டாட்டா ஜன்னலுக்கு வெளியே நின்ற யொன்னாவின் வலது கை மார்பு வரை வந்து நின்றுவிட்டது. நவம்பர் மாதத்து ஈரப்பனி கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ ஓர் அப்பா சைக்கிளைப் பூட்டும் சத்தம். சமையலறைப் பக்கமிருந்து ஓட்ஸ் கஞ்சி வாசனை. எல்லாம் எல்லா நாளும் போலத்தான் இருந்தது. கை மட்டும் மேலே போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய நான்கு வயது மகள் எல்மி நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த டாட்டா அவர்கள் இருவருக்கு மட்டுமே உரியது. கையால் மூன்று ஆட்டு, மூக்கு நுனியில் ஒரு தட்டு, தலையை இடப்பக்கம் ஒரு சாய்ப்பு. ஆகஸ்டில் முதன்முதலாகக் காப்பகத்தில் விட்டபோது எட்டு நாள் விடாமல் அழுத எல்மி, ஒன்பதாம் நாள் தானே கண்டுபிடித்து அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது. அதைக் காட்டிவிட்டுப் போனால் அம்மா கட்டாயம் திரும்பி வருவாள் என்பது அவள் நம்பிக்கை.

யொன்னா மறுபடி முயன்றாள். தோள் தயாராக இருந்தது, முழங்கை மடங்கியது, ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். அதே கையால் பையைத் தூக்கினாள். டிராம் கம்பியைப் பிடித்தாள். வலியும் இல்லை, மரமரப்பும் இல்லை.

டிராமில் எதிரே உட்கார்ந்திருந்த பையனின் போனில் மஞ்சள் மழைக்கோட்டுப் பொம்மை ஒன்று, குளிர்கால டயர் விற்கும் கடைக்காக, மூன்று முறை கையை ஆட்டி, மூக்கைத் தட்டி, தலையை இடப்பக்கம் சாய்த்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது பயமில்லை, கோபம்தான். ஏனென்றால் அதைக் கொடுத்தவளே அவள்தான்.

தம்பெரே நகரத்தில் ஒரு பழைய நூற்பாலைக் கட்டடத்தின் நான்காம் மாடியில் அவர்கள் ஏழு பேர். கடைக்காரர்கள் ஆன்லைனில் தாங்களே அனிமேஷன் விளம்பரம் செய்துகொள்வதற்கான கருவியை நடத்திவந்தார்கள். நுப்பு என்ற அந்த மழைக்கோட்டுப் பொம்மையை எடு, ஓர் அசைவைத் தேர்ந்தெடு, இரண்டு வரி தட்டு, ஐந்து நிமிடத்தில் விளம்பரம் சமூக ஊடகத்தில் ஏறிவிடும். அசைவுகள் யொன்னாவின் வேலை: கேமராவுக்கு முன்னால் செய்து காட்டி, அதைப் பொம்மைக்கு ஏற்றுவாள். ஒரு நாள் காப்பி நேரத்தில், பெருமை தாங்காமல், எல்மியின் டாட்டாவைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும். நிறுவனத்தை ஆரம்பித்த ஓட்சோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நுப்புவுக்கு இத்தனை நாளாக இல்லாமல் இருந்தது இதுதான் என்றான்.

படம் பிடித்த அன்று எல்மிக்குச் சளி. காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் கூடவே வந்திருந்தாள். கேமராவைப் பார்த்து யொன்னாவுக்கு அந்த டாட்டா வரவேயில்லை. கடைசியில் எல்மி கேமராவுக்கு அருகில் போய் நின்று காட்ட, அதற்குப் பதிலுக்கு யொன்னா காட்ட, அப்படித்தான் எடுத்தார்கள். முப்பத்தொரு தடவை. ஓர் அசைவு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அதன் ஆரம்பமும் முடிவும் இம்மி பிசகாமல் ஒட்ட வேண்டும். முப்பத்தொன்றாவதில் ஒட்டியது. அதற்குக் 'கை காட்டல் 7' என்று பெயர் வைத்தார்கள். நவம்பர் இருட்டுக்கென்று ஓட்சோ ஒரு பிரசாரம் யோசித்திருந்தான்: இந்த இருட்டில் ஒருவருக்காவது கை காட்டு. வெள்ளிக்கிழமை அது தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் அவள் தோளைத் திருகிப் பார்த்தார், பந்தைப் பிடிக்கச் சொன்னார், அலமாரியின் மேல்தட்டைத் தொடச் சொன்னார். ஒரு குறையும் இல்லை என்றார். டாட்டா காட்டத்தான் முடியவில்லை என்று சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்பது அவள் காதிலும் விழுந்தது. அவர் தூக்கம் எப்படி என்று விசாரித்தார்.

அதற்குள் நுப்பு ஊர் முழுக்க நிறைந்துவிட்டது. பல் மருத்துவமனை, மீன் கடை, சவப்பெட்டிக் கடை. பஸ் நிறுத்தத்துத் திரையில் அது கை காட்ட, தள்ளுவண்டியோடு நின்ற ஒரு வயதான பெண் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை உயர்த்தியதை யொன்னா பார்த்தாள். விளம்பரங்களின் எண்ணிக்கை ஏற ஏற அவளிடமிருந்து மீதியும் போனது. செவ்வாய் மாலை எல்மியின் மூக்கைச் செல்லமாகத் தட்டப் போனவள், விரல் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் அவள் முகத்துக்கு முன்னால் அப்படியே நிறுத்தினாள். புதன்கிழமை தலையை இடப்பக்கம் சாய்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் காப்பகத்து ஆசிரியை பிர்க்கோ அவளைத் தனியாக அழைத்தாள். "ஜன்னல விட்டு நகரவே மாட்டேங்கறா யொன்னா. நீ இன்னும் டாட்டா காட்டலையாம். சாப்பாட்டுக்குத் தூக்கிட்டுத்தான் போக வேண்டியிருந்துச்சு."

டிராமில் எல்மி பக்கத்து இருக்கைக்காரரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நுப்பு எனக்கு டாட்டா காட்டிச்சு."

"அது எல்லாருக்கும் காட்டும் கண்ணு."

"அப்ப நாளைக்கு அதுதான் என்னைக் கூட்டிட்டுப் போக வருமா?"

வியாழன் காலை யொன்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓட்சோவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். அவன் சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் போட்ட காலை மேஜை மேல் வைத்துக்கொண்டு எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஏழாம் நம்பரை எடுத்துடு ஓட்சோ."

"பதினாலாயிரம் வீடியோல ஓடுது. இன்னிக்கு எடுக்கச் சொல்றியா?"

"என் பொண்ணுக்கு என்னால டாட்டா காட்ட முடியல."

அவன் அவள் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். சிரிப்பை அடக்க அவன் ரொம்பவும் சிரமப்படவில்லை. "புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சுக்கங்களேன். அம்மாவும் பொண்ணும் அதுல கெட்டிக்காரங்களாச்சே. கண்டுபிடிச்சதும் சொல்லு, அதையும் எடுத்துக்கலாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யொன்னா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவனுக்குப் பிள்ளை இல்லை, அதனால் தெரியவில்லை என்று விடலாம். சிரித்த நான்கு பேருக்கும் பிள்ளைகள் உண்டு.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் துண்டும் பீருமாகக் கொண்டாடுவதற்காக மொட்டைமாடியில் இருந்த சானா என்ற நீராவிக் குளியலறைக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று அவள் இருந்துவிட்டாள். கதவு சாத்தும் சத்தம் அடங்கியதும் மாடி முழுக்க நிசப்தம். சூடேற்றும் குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. யாரோ பாதியில் வைத்துப் போன காப்பி கசந்து நாறியது. வெளியே வெளிச்சம் ஏற்கெனவே வடிந்துகொண்டிருந்தது. அணைக்காமல் விட்ட திரைகள் ஒவ்வொன்றிலும் நுப்பு. எல்லாம் ஒன்றாக ஆட்டின, ஒன்றாகத் தட்டின, ஒன்றாகச் சாய்ந்தன.

அவள் அசைவுகளின் பட்டியலைத் திறந்தாள். கை காட்டல் 7. அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். மறுபடி கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

கை உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை, பிடித்து வைத்திருந்ததை யாரோ விட்டதும் எழும்பியது. இருண்ட ஜன்னல் கண்ணாடியில் தன் உருவம் மூன்று முறை ஆட்டி, மூக்கைத் தட்டி, தலையைச் சாய்ப்பதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இன்னொரு தடவை காட்டிப் பார்த்தாள். வந்தது. இதை இப்போதே டாட்டா ஜன்னலுக்கு வெளியே நின்று காட்ட வேண்டும் என்று கோட்டை எடுத்தாள்.

அப்போதுதான் திரைகளைக் கவனித்தாள்.

நுப்பு நிற்கவில்லை.

அத்தனை திரையிலும் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இது அவளுடைய ஆட்டல் இல்லை. தோள் கூடவே குலுங்கியது. ஆட்டல் கொஞ்சம் அவசரமாக இருந்தது. மூக்கை விரலால் தட்டவில்லை, உள்ளங்கை முழுதாலும் தட்டியது.

அப்படித் தட்டுகிறவள் ஒருத்திதான்.

பொம்மை ஒருபோதும் அசையாமல் நிற்கக் கூடாது, ஓர் அசைவு காணாமல் போனால் அதற்கு மிக நெருக்கமான அசைவைக் கருவி தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். போன வருடம் இந்த விதியை எழுதியவள் யொன்னா. அதற்காக அவளுக்குக் கேக் வெட்டினார்கள். பட்டியலின் அடியில் இப்போது புதிதாக ஒரு வரி: மாற்று அசைவு. பக்கவாட்டுக் கேமரா. உயரம் நூற்று நான்கு சென்டிமீட்டர்.

வீட்டுக் கதவு நிலையில் எல்மியின் உயரத்துக்குப் பென்சிலால் போட்ட கடைசிக் கோடு. நூற்று நான்கு.

கேமராவுக்கு அருகில் நின்று முப்பத்தொரு தடவை காட்டியவளை இன்னொரு கேமரா பிடித்திருக்கிறது. ஓட்சோ அதை வைத்திருக்கிறான். கேட்கவில்லை. சொல்லவில்லை. எடுத்து வைத்துக்கொண்டான்.

அழி. அனுமதி இல்லை என்றது. அழி. உரிமையாளர் ஓட்சோ என்றது. போன் போட்டாள். அவனுடைய மேஜை இழுப்பறைக்குள்ளேயே அது அதிர்ந்தது. மாடிப்படி ஏறி ஓடினாள். சானாவின் வெளிக்கதவு உள்பக்கம் தாழ். ஆவியின் சீறல், சிரிப்பு. முஷ்டியால் குத்தினாள், அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். உள்ளே யாரோ சூடான கல்லின் மேல் இன்னும் தண்ணீர் ஊற்றினார்கள்.

மணி மூன்றே கால். படி இறங்கினாள்.

டிராமில் ஈரக் கம்பளி நாற்றம். ஒரு போன். இன்னொரு போன். கதவுக்கு மேலே திரை. உள்ளங்கையால் மூக்கில் தட்டு. உள்ளங்கையால் மூக்கில் தட்டு. ஒரு பெண் சிரித்தாள். யொன்னாவுக்கு அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போல இருந்தது.

இறங்கினாள். ஓடினாள். வழுக்கியது. முழங்கால் சிராய்ந்தது. ஓடினாள்.

காப்பகத்து முற்றம் நன்றாக இருட்டியிருந்தது. டாட்டா ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அதன் நடுவே எல்மி.

கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

யொன்னா நின்றாள். தன் கையை உயர்த்தினாள். அது சுலபமாக வந்தது: மூன்று ஆட்டு, மூக்கில் தட்டு, தலை சாய்ப்பு. எல்மி பார்க்கவில்லை. கண் யொன்னாவின் பக்கம்தான் இருந்தது. பார்க்கவில்லை.

உள்ளே பட்டாணி சூப் வாசனை, மாட்டி வைத்த ஈர உடுப்புகள், கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள். பிர்க்கோ நடைவழியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மூணு மணிலேர்ந்து இப்படித்தான். நீ தூரத்துல வர்றதப் பாத்துட்டாளோன்னு நெனச்சோம்."

யொன்னா மண்டியிட்டு மகளை அணைத்தாள். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். கை நிற்கவில்லை; ஒருபோதும் நிற்கக் கூடாது என்று விதி எழுதியவள் அவள்தான். அவள் பிடியோடு சேர்த்து அவளையும் இழுத்துக்கொண்டு ஆடியது. நான்கு வயதுக் கையில் அத்தனை பலம். மூக்கு நுனி தோல் உரிந்து சிவந்திருந்தது. உள்ளங்கையில் ரத்தம் ஒட்டியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடம், மேலே புதுசாக ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் சிரித்தது.

"எல்மி. அம்மா வந்துட்டேன். போதும்டா. அம்மா வந்துட்டேன்."

மூன்று ஆட்டு.

மூக்கில் தட்டு.

தலை இடப்பக்கம்.

மூன்று ஆட்டு. யொன்னா உற்றுப் பார்த்தாள். பதினோரு வருடம் இதே வேலை பார்த்த கண். ஆரம்பம் எங்கே, முடிவு எங்கே, இரண்டும் ஒட்டும் இடம் எங்கே என்று தேடினாள். அங்கே கையை வைத்து நிறுத்திவிடலாம்.

ஒட்டிய இடமே தெரியவில்லை.