முன்வரிசையை எடுத்துவிட்டேன்

அந்தச் சனிக்கிழமை பேட்டைக் கூடத்தின் ஷட்டரை நான் தூக்கியபோது காலை பதினொரு மணி. தைவானில் எங்கள் கீலூங் துறைமுகத்தில் மழை பெய்யாத நாள் ஏது? அன்றும் பெய்துகொண்டிருந்தது. மே மாதம் பூட்டிய கூடம், செப்டம்பரில்தான் திறக்கிறது. ஈரத் துணி நாற்றமும் கரப்பான் மருந்து நெடியும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அதன்மேல் நான் ப்ளீச்சிங் தண்ணீரை ஊற்றி, மூன்றாவதாக ஒரு நாற்றத்தை உண்டாக்கினேன்.

என் பெயர் சியூ-வென். துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பேட்டை நாடகக் குழுவுக்கு நான்தான் டைரக்டர். பேர்தான் டைரக்டர், பார்ப்பதெல்லாம் எடுபிடி வேலை. நாடகத்தில் இரண்டே பேர். டாக்சி ஓட்டும் ஆ-கியத் புருஷன், மார்க்கெட்டில் மீன் உருண்டை விற்கும் பாவ்-சூ அக்கா பெண்டாட்டி. கடலுக்குக் கிளம்பும் புருஷனின் பூட்ஸை ஒளித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்கிறாள் பெண்டாட்டி. அவ்வளவுதான் கதை.

எழுதியவர் பாவ்-சூ அக்காவின் நிஜப் புருஷன் தெங்-ஷான். அந்த மீனவன் வேஷமும் முதலில் அவருடையதுதான்.

மூன்று முறை தேதி வைத்தோம். மூன்று முறையும் அரசாங்கம் ஊரை மூடியது. ஜூன் மாதம் தெங்-ஷான் அண்ணன் தொற்றில் போய்விட்டார். ஒரே நாளில் எரித்து, சாம்பலை ஜாடியில் கொடுத்தார்கள். பாவ்-சூ அக்காவை அப்போது வீட்டிலேயே தனிமைப்படுத்தி வைத்திருந்ததால் கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அழக்கூட விடலையே சியூ-வென். இந்த நாடகத்த முழுசா போட்டு முடிச்சுட்டா, அவர வழியனுப்பி வெச்ச மாதிரி இருக்கும் எனக்கு," என்றார் என்னிடம்.

திங்கட்கிழமையிலிருந்து கூடம் தடுப்பூசி மையம். அது முடிந்ததும் இடிக்கப் போகிறார்களாம். இன்று விட்டால் இல்லை.

விதிமுறைகள் வேறு. நடிகர்களையும் சேர்த்து ஐம்பது பேருக்கு மேல் கூடாது. மேடைக்கும் முதல் நாற்காலிக்கும் நடுவே மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். தையல் டேப்பை வைத்து நானே அளந்தேன். இடித்தது. முன்வரிசையில் இருந்த ஏழு நாற்காலிகளையும் தூக்கி ஸ்டோர் ரூமில் அடுக்கினேன். இப்போது சரியாக மூன்று மீட்டர். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பேட்டைத் தலைவர் லூ, கையில் அமுக்கி எண்ணும் கருவியுடன் வரிசை வரிசையாக நடந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் விதி.

"ஐம்பத்தொண்ணு," என்றார்.

"இருக்காது தலைவரே. லிஸ்ட்ல ஐம்பதுதான்."

"லிஸ்ட்ட நீயே வெச்சுக்கோ. என் கையில ஐம்பத்தொண்ணு. கூட ஒரு ஆள் இருந்தாலும் அபராதம் எனக்குத்தான் வரும், டைரக்டரம்மாவுக்கு இல்ல."

நானும் எண்ணினேன். ஐம்பத்தொன்று. எல்லோர் முகத்திலும் மாஸ்க். மூக்கும் வாயும் இல்லாத கூட்டத்தில் கூடுதல் ஆளை எங்கே போய்த் தேடுவது? பட்டியலைப் படித்தேன். ஐம்பது பெயர், ஐம்பது கைகள் உயர்ந்தன. தலைவர் திரும்ப எண்ணினார்.

ஐம்பத்தொன்று.

எனக்குத் தலை சூடேறியது. மருந்துக் கடைக்காரரிடம் கெஞ்சி வெளியே அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே குடையை விரித்துப் போனார்.

"எண்ணுங்க தலைவரே."

எண்ணினார். கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐம்பத்தொண்ணு."

என் வீட்டுக்காரரைக் கிளப்பினேன். அந்த மனுஷனுக்கு நாடகம் என்றாலே வேப்பங்காய், சந்தோஷமாக ஓடினார். அப்படியும் ஐம்பத்தொன்றுதான். கடைசியில் தலைவரின் மனைவியையே எழுப்பினேன். அவர் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

மூன்று நாற்காலிகள் என் கண்ணெதிரே காலியாக இருந்தன.

ஐம்பத்தொன்று.

"என்னய்யா விளையாட்டு இது? யார் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்தியேவிட்டேன். மழைச் சத்தம்தான். அப்போதுதான் கவனித்தேன், ப்ளீச்சிங் நெடி போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக உப்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிய துணியின் வாடை. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

அதில் யாரும் இல்லை.

மீனவனின் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஆ-கியத் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அது தெங்-ஷான் அண்ணனின் கோட்டு. என் காதருகே குனிந்தார்.

"முன்வரிசை எங்க?"

"மூணு மீட்டர் விடணும்ல? எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? இது என்ன மாசம்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

எங்கள் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம். செத்தவர்கள் உலகத்தின் கதவு திறந்துவிடப்பட்ட மாதம். இந்த மாதத்தில் எங்கள் ஊரில் மேடை ஏறினால் முன்வரிசையில் ஒருவரும் உட்காரமாட்டோம். அது நல்ல அண்ணன்மாருக்கு. பேய் என்று வாயால் சொல்வதில்லை, அப்படித்தான் சொல்வோம். வீட்டில் படையல் கிடைக்கிறவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேட்பாரற்றுச் செத்தவர்களும், வீடு போய்ச்சேர வழி தெரியாதவர்களும்தான் அந்த வரிசைக்கு வருகிறவர்கள்.

அவர்கள் இடத்தை நான் எடுத்துவிட்டேன். அவர்கள் எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

விதி பேசுவார் என்று தலைவரைப் பார்த்தேன். அவர் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காலி நாற்காலிக்கு இடைவெளி எதுக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஏழு நாற்காலிகளையும் முன்வரிசையில் போட்டோம். கூடத்துக்குள் ஒரு சில்லிப்பு கடைசி வரிசையிலிருந்து எழுந்து, நடுவழியாக, எங்களைத் தாண்டி முன்னால் போனது. தலைவர் எண்ணினார்.

நாற்பத்தேழு.

வெளியே நின்ற மூவரையும் உள்ளே அழைத்தோம். ஐம்பது. நாடகம் தொடங்கியது.

மேடை ஓரத்தில் பிரதியைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தேன். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பாவ்-சூ அக்கா பிரமாதமாக நடித்தார். பூட்ஸை அரிசிப் பானைக்குள் ஒளிக்கும் இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் பயம் கொஞ்சம் விட்டது.

பிறகு புருஷனைத் திட்டும் அந்த நீளமான வசனம் வந்தது. நடுவில் அவருக்கு வசனம் மறந்து நின்றுபோனது.

நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"பூட்ஸ் கேட்குதாக்கும் துரைக்கு, பூட்ஸ்!"

கூட்டம் சிரித்தது, நான்தான் சொன்னேன் என்று நினைத்து. நான் பிரதியைப் பார்த்தேன். அதில் அந்த வரியே இல்லை. தெங்-ஷான் அண்ணன் எழுதியதைத் தானே ஒழுங்காகச் சொல்லமாட்டார். ஒவ்வொரு ஒத்திகையிலும் மாற்றுவார். நான் சண்டை பிடிப்பேன். இது அவர் மாற்றிச் சொல்லும் வரி.

குரல் முன்வரிசையிலிருந்து வந்தது.

பாவ்-சூ அக்கா அசையவில்லை. மூன்றாவது நாற்காலியையே பார்த்தார். சிரிப்பு அடங்கியது. அந்தக் குரல், மூச்சு வாங்கி வாங்கி, இன்னொன்றும் சொன்னது.

"வழி தெரியல, பாவ்-சூ."

"நீங்க ஏன் இந்த வரிசையில உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் அக்கா. நடிப்பு இல்லை. "வீட்ல தினமும் படைக்கிறேனே. ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் இறந்த அன்று அக்காவால் வெளியே வரமுடியாததால் அவருடைய சட்டையை வாங்கிக்கொண்டு, பூசாரியோடு, நான்தான் ஆன்மாவை அழைத்து வரப் போனேன். மலை மேல் இருக்கும் ஆஸ்பத்திரியின் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். வந்துவிட்டாரா என்று நாணயம் போட்டுக் கேட்டோம். ஆறு முறை இல்லை என்றே விழுந்தது. பூசாரிக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். ஏழாவது முறை ஆம் என்று விழுந்ததும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து இறப்புச் சான்றிதழ் வந்தது. கடைசி இரவில் அவரைத் துறைமுகத்துப் பக்கம் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். உயிர் போனது அங்கே. காகிதத்தை வாங்கிக் கொடுத்தவள் நான். அக்காவுக்கு எழுத்து வாசிக்க வராது. நான் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது, வேறு யார் வாசலிலோ நின்று கத்திவிட்டு வந்தேன் என்று?

அங்கேயே, அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது.

அக்கா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு மாசம்," என்றார். "மூணு மாசமா மனுஷன் தெருத்தெருவா அலைஞ்சிருக்கார். நீ என் கடையில தினம் சூப் குடிச்ச."

ஆ-கியத்தின் தோளிலிருந்து மழைக்கோட்டை உருவி எடுத்தார். மேடையிலிருந்து இறங்கி, அந்த மூன்றாவது நாற்காலியின் மேல் கோட்டை விரித்துப் பிடித்தார்.

"எழுந்திருங்க. வீட்டுக்குப் போலாம்."

கோட்டு கனத்தது. அவர் கை தாழ்ந்ததை நான் பார்த்தேன்.

நாடகம் பாதியில் நின்றது. யாரும் குறை சொல்லவில்லை. தலைவர் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். மணி மூன்றரை. மழையில் அக்கா முன்னால் நடந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆன்மாவை அழைத்துப் போகும்போது வழியைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லாவிட்டால் பாலத்தில் நின்றுவிடும். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னார்.

"இடது பக்கம் திரும்புறோம். மருந்துக் கடை."

"கால்வாய் வருது. பாலம், பயப்படாம கடந்து வாங்க."

பாலத்தின் நடுவில் எனக்குப் பின்னால் தண்ணீர் தளும்பும் காலடிகள் கேட்டன. ஒருவருடையது இல்லை. நான் திரும்பவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்து, "வந்தாச்சு, உள்ள வாங்க," என்றார். கோட்டை அவருடைய நாற்காலியில் வைத்தார். அப்போதுதான் அழுதார், ஜூன் மாதத்து அழுகை எல்லாம் சேர்த்து. தானாக மூடிக்கொள்ளும் அந்தக் கதவு வெகுநேரம் திறந்தே நின்றது. பிறகு என் முகத்துக்கு நேராக மூடியது.

நான் தெருவில் தனியாக நின்றேன். குடையை மடக்கிவிட்டு, நனைந்துகொண்டே கூடத்தை நோக்கி நடந்தேன். நாற்காலி அடுக்க வேண்டுமே, அதையும் நான்தானே செய்ய வேண்டும். கால்வாய்ப் பாலத்தில் ஏறினேன்.

அங்கே ஆட்கள் கூட்டமாக நெருங்கி நின்றால் மேலே படுமே, அது போன்ற ஒன்று, ஆனால் ஈரமாக, குளிர்ச்சியாக, என் முதுகைத் தொட்டது. உப்பு வாடை வீசியது.

பின்னால், ரொம்ப மரியாதையாக, ஒரு பெண் குரல் கேட்டது.

"அக்கா, எங்க வீடு இன்னும் எவ்வளவு தூரம்?"