நியோபியின் கடைசி மகள்

ஓவியத்தில் நியோபியின் மேலங்கி மடிப்பில் மறுபடியும் ஈரம். காலையிலிருந்து நான்காவது முறை.

ஒர்னெல்லா ஒற்றுத்தாளைத் தரையில் விட்டெறிந்தாள். ரோவெர்சி மாளிகையின் நடனக்கூடத்துச் சுவரிலிருந்து இந்தச் சுவரோவியத்தை உரித்தெடுத்து அறுபது வருடமாகிறது. துணியில் ஒட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓவியங்களைச் சீரமைக்கும் பட்டறை நடுவில் எந்தச் சுவரையும் தொடாமல் நிற்கிறது. அப்புறம் எங்கிருந்து ஈரம் ஊறும்?

"ஜன்னலை நீதான் திறந்து வெச்சிருப்பே," என்றான் உடன் வேலை செய்யும் துல்லியோ, கோட்டை மாட்டிக்கொண்டே. "நம்ம ஃபெர்ராரா ஊரு மூடுபனி சாவித்துவாரத்துலகூட நுழையும்."

"அப்படின்னா படம் முழுக்க நனையணும். இந்த ஒரு சாண் மட்டும் ஏன்டா நனையுது?"

"அவ அழறாளோ என்னவோ. பதினாலு பிள்ளையைப் பறிகொடுத்தவ. காப்பி வாங்கிட்டு வரவா?"

"ஒண்ணும் வேணாம், போ. திங்கட்கிழமை கண்காட்சி. அந்த ரோவெர்சி மாளிகைச் சீமாட்டியம்மா போன் போட்டே என் உசிரை எடுக்கறாங்க."

கதவு சாத்திக்கொண்டது.

கிரேக்கப் புராணத்தில், ஒரு பெண் தெய்வத்தைவிடத் தனக்குப் பிள்ளைகள் அதிகம் என்று பெருமையடித்தவள் நியோபி. அதற்காக அந்தத் தெய்வத்தின் பிள்ளைகளான அப்பொல்லோவும் அவன் சகோதரி தியானாவும் வானிலிருந்து அம்பெய்து அத்தனை பேரையும் கொன்றார்கள். ஓவியத்தில் பதின்மூன்று உடல்கள் கிடந்தன. கடைசி மகளைத் தாய் மேலங்கிக்குள் ஒளித்தாள் என்பது கதை. ஆனால் அந்த இடத்தில் யாரோ பழுப்புச் சாயத்தைத் தடிமனாக அப்பி மூடியிருந்தார்கள். ஈரம் அதற்கு அடியிலிருந்துதான் வந்தது.

பொறுமை போயிற்று. சாயத்தையே எடுத்துவிடுவது என்று பஞ்சைக் கரைப்பானில் தோய்த்துத் துடைக்கத் தொடங்கினாள். ஜன்னலுக்கு வெளியே மதிய வெளிச்சம் பாலாய்த் திரண்டு நிற்க, தேவாலய மணி பஞ்சுக்குள்ளிருந்து அடிப்பதுபோல மழுங்கிக் கேட்க, நெடுங்காலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஈரச் சுண்ணாம்பு வாடை எழுந்து அவள் தொண்டையில் படிந்தது.

ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு மூடிய கண்கள். ஆறு வயதுதான் இருக்கும். இமைகள் நனைந்திருந்தன.

"அடப் பாவமே," என்று முணுமுணுத்தாள். "உன்னையா மூடி வெச்சாங்க?"

புதுப் பஞ்சு எடுக்கத் திரும்பினாள். பின்னால் ஏதோ சொட்டியது.

மறுபடி பார்த்தபோது சிறுமி இல்லை. அவள் வடிவத்தில் வெறும் துணி. மேலங்கியை இறுக்கிப் பிடித்திருந்த நியோபியின் விரல்கள் விரிந்து கிடந்தன.

"துல்லியோ?"

சுண்ணாம்பு வாடை. மிக அருகில். கீழே.

அவளுடைய வேலை அங்கி கனத்தது. உள்ளே ஏதோ நகர்ந்தது. இடுப்பைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள். ஈரம். கல்லின் குளிர்ச்சி.

குனிந்து பார்க்கத் துணிவில்லை. நிமிர்ந்தாள்.

ஓவியத்து மேகத்தின் மேல் தியானா. இத்தனை நாளும் பக்கவாட்டில் தெரிந்த முகம். இப்போது நேராக. அம்பின் தண்டு தெரியவில்லை. அவளை நோக்கிய முனை மட்டும். ஒரு புள்ளியாக.

"மூடு," என்றது அங்கிக்குள் ஒரு குரல். "நல்லா மூடும்மா."

ஒர்னெல்லாவின் கைகள் தாமாக அங்கியை இழுத்து மூடின. தலைக்கு மேலே வில்லின் நாண் முறுகும் ஒலி.