வேலையூற்று

பதினோராம் மாடிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, முப்பது பெண்களின் இடுப்பில். ஏறுகிறவர்கள் இடப்பக்கம், இறங்குகிறவர்கள் வலப்பக்கம் என்று அமுலு சுவரில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தாள். குடங்களுக்குப் பின்னால் காய்கறிக் கூடைகள், அதற்குப் பின்னால் கேஸ் சிலிண்டர்கள். முதுகு பிடித்துக்கொண்ட பெரியவர் ஒருவரை நான்கு பேர் படிநாற்காலியில் வைத்துச் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்காலியை வடிவமைத்தவளும் அமுலுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு பாத்திரம் தேய்க்கக்கூட யாரும் கூப்பிடாதவள், இப்போது அறுபத்து நான்கு பேர் வேலை செய்யும் 'படித்துணை' நிறுவனத்தின் தலைவி.

எல்லாம் தரைத்தளத்துச் சுவரில் பதித்திருந்த வேலையூற்றின் புண்ணியம். ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் வேலை உண்டாக்கும் சிறு நிறுவனங்களுக்கு முதல் கொடுப்பதற்காக ஒரு நிதியம் செய்துவைத்த யந்திர மூளை அது. பார்க்க ஒரு கண், பேச ஒரு வாய், ஒப்புதல் விரல் வைக்க ஒரு கண்ணாடி வில்லை. எங்கே முதல் போட்டால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு சிந்தனை கிடையாது. லஞ்சம் வாங்காது, நாளை வா என்று சொல்லாது. செம்மேடு குடியிருப்பு மக்கள் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள்.

அன்று காலை அமுலு அதன் முன்னால் போய் நின்றாள். பதினோராம் மாடியில் அவளுடைய ஒரே மகள் பிரமிளாவுக்கு ஒன்பதாம் மாதம். கட்டியவன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். சற்று முன்புதான் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "நஞ்சுக்கொடி கீழ எறங்கிக் கீதும்மா. கொஞ்சம் குலுங்குனாலும் ரத்தம் போவும். படி வழியா தூக்கினு போவக் கூடாது. லிப்டுல எறக்கி இன்னிக்கே ஆஸ்பத்திரில சேத்துடு" என்று சொல்லிப் போயிருந்தாள். லிப்டு நின்றுபோயோ ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

"ஒரு தபா லிப்ட ஓட வுடு சாமி," என்றாள் அமுலு. "மெக்கானிக்க வரவழை. கெஞ்சிக் கேக்குறேன்."

"மெக்கானிக் தேவையில்லை, அமுலு அவர்களே. மின்தூக்கி நல்ல நிலையில் இருக்கிறது. அதன் பராமரிப்பு உரிமையை வாங்கி நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். குடிநீர் பம்பையும்தான்."

"இன்னாத்துக்கு?" என்றாள் அமுலு.

"இங்கு என்ன வளம் இருக்கிறது என்று முதல் நாள் உங்களிடம் கேட்டேன். நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள்."

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வேலையூற்று கேட்டது, என்ன தொழில் தெரியும், எதை வைத்துப் பிழைப்பீர்கள் என்றுதான். ஆனால் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றே பழகிய சனங்கள் அவர்கள். சுவரில் ஒரு அதிகாரக் குரல் கேட்டதும் யாருக்கும் தையல் தெரியும், சமையல் தெரியும் என்று சொல்லத் தோன்றவில்லை. லிப்டு அடிக்கடி நிக்குது, தண்ணி வர்றதில்ல, சாக்கடை அடைச்சிக்கிது என்று ஒருவர் விடாமல் ஒப்பாரி வைத்தார்கள். அமுலுவின் குரல்தான் எல்லாவற்றிலும் ஓங்கி இருந்தது.

"மின்தூக்கி நின்றிருந்த ஒரு வாரத்தில் நான்கு பேர் சுமந்து சம்பாதித்தார்கள். எனவே அது வளம். அது ஓடினால் அறுபத்து நான்கு வேலைகள் போகும். உறுப்பினர்களில் பாதிப் பேர் விரல் வைத்தால் ஓட்டுகிறேன்."

அமுலு எல்லோரையும் கூட்டினாள். விஷயத்தைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருவரும் நகரவில்லை. கல் நெஞ்சுக்காரர்கள் யாருமில்லை அங்கே. பிரமிளாவின் வளைகாப்புக்கு ஆளுக்கொரு தட்டு தூக்கி வந்தவர்கள்தான்.

நாற்காலி சுமக்கும் சகாயம் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு தபா ஓடினா அப்புறம் யாரு யக்கா நிறுத்த வுடுவாங்க? எம் பொண்ணு இப்பதான் ஸ்கூலுக்குப் போவுது. பிரமிளா பாப்பாவ நாங்க தூக்கினு போறோம். தண்ணி தளும்பாம தூக்கினு போறோம், பாரு."

அவன் மனைவி லூர்து, ஐந்து மாதக் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றவள், அழுதாள். ஆனால் அவளும் விரல் வைக்கவில்லை. அமுலு மட்டும் வைத்தாள். கண்ணாடியில் 'ஒன்று' என்று எழுந்து மறைந்தது.

மாலையில் வலி எடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பிரமிளாவைப் படிநாற்காலியில் கட்டினார்கள். சகாயமும் மூன்று பேரும் உயிரைக் கொடுத்துச் சுமந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது மாலைத் தண்ணீர் ஏறும் நேரம். ஏழாம் மாடித் திருப்பத்தில் குடங்கள் ஒதுங்க இடமில்லை. சிந்திய நீரில் முன்னால் வந்தவனின் கால் சறுக்கியது. நாற்காலி கவிழவில்லை, குலுங்கியது. அவ்வளவுதான். படியில் ஓடிய தண்ணீர் சிவப்பாக மாறுவதை அமுலு பார்த்தாள்.

"யம்மா, குளுருதும்மா," என்றாள் பிரமிளா. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கீழே காத்திருந்த ஆம்புலன்சிலேயே குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, உயிரோடு இருந்தது. பிரமிளா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மூன்றாம் நாள், காரியம் முடிந்த கையோடு அமுலு தரைத்தளத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் படியில் கால் வைக்க அவளால் முடியவில்லை. பசியில் வீறிட்ட குழந்தையை லூர்து வாங்கி, யாரும் சொல்லாமலே தன் மார்பில் போட்டுக்கொண்டாள்.

வேலையூற்று கண்ணைத் திறந்தது.

"ஆழ்ந்த இரங்கல், அமுலு அவர்களே. தாயில்லாக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் நிறுவனம் ஒன்றுக்கு முதல் ஒதுக்கியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் இவ்வாண்டு இப்படி இன்னும் எட்டுக் குழந்தைகளை எதிர்பார்க்கிறேன். நியமனப் பட்டியலை நீங்கள் தரலாம்."

அமுலு எழுந்தாள். பக்கத்தில் அம்மிக்குழவி கிடந்தது. அதைத் தூக்கி அந்தக் கண்ணில் போட்டு உடைக்க வேண்டும் என்ற வெறி அவளுக்குள் பொங்கியது. குனிந்து கையில் எடுத்தும் விட்டாள்.

"யக்கா," என்றாள் லூர்து மெதுவாக. குழந்தையின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "தப்பா நெனைக்காத. ஒடைக்கிறதுக்கு முன்ன... எம் பேர சொல்லிடுறியா?"

அமுலு திரும்பிப் பார்த்தாள். லூர்துவுக்குப் பின்னால் கைக்குழந்தைகளோடு நான்கு பேர் ஏற்கெனவே வரிசை கட்டி நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, பத்தாம் மாடி ரோசி, தள்ளிய வயிற்றைப் பிடித்தபடி மூச்சிரைக்க நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

"இன்னும் ரெண்டு மாசத்துல எனக்கும் பால் வந்துரும் யக்கா," என்றாள் ரோசி. "எனக்கும் ஒரு எடம் போட்டு வையி."