இறந்தவள் மெயில் படிக்கிறாள்!

"செத்தவ எப்படி மேடம் மெயில் படிப்பா?"

ரூட் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

காலை பத்தே முக்கால். மேஜைக்கு எதிரே நின்றவர் மஃப்டியில் இருந்தார். ஒட்ட வெட்டிய கிராப்பு, பளபளக்கும் ஷூ, தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் பெல்ட்... எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"நீங்க யாரு?"

"இன்ஸ்பெக்டர். இந்த ஏரியா ஸ்டேஷன்."

ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்வதற்குள் அட்டை சட்டைப்பைக்குத் திரும்பிவிட்டது.

"உட்காருங்க சார். யார் செத்தது?"

"உங்க மெம்பர் ஒருத்தி. 'தையல்'னு கணக்கு வச்சிருக்கா. முந்தாநாள் ஏரியில பொணமா மிதந்தா."



தையல்! துணி தைக்கிறவள். யாரிடமும் அதிகம் பேசாதவள். போன மாதம் ரூட் அக்காவின் ஹேண்ட்பேக் பட்டை அறுந்து தொங்கியபோது, கேட்காமலே வாங்கிப் போய், மறுநாள் மெழுகு நூலில் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள்.

"அய்யோ... அந்தப் பொண்ணா? எப்படி சார்?"

"அதத்தானே கண்டுபிடிக்கணும்? ஆனா இதப் பாருங்க." போனை நீட்டினார். "உங்க வெப்சைட்ல அவ பேரைத் தட்டினேன். என்ன வருது? 'கடைசியாக மெயில் படித்தது, இன்று காலை 9.14.' முந்தாநாள் செத்தவ இன்னிக்குக் காலையில மெயில் படிச்சிருக்கா! ஆவியா மேடம்?"

"ஆவிக்கும் பாஸ்வேர்டு வேணும் சார்."

"ஆங்! அதான் என் பாயிண்ட். யாரோ ஒருத்தன் அவ பாஸ்வேர்டை வச்சுப் படிச்சிட்டிருக்கான். அவன்தான் கொலைகாரன். அவன் எங்கேர்ந்து படிக்கிறான்? எனக்கு அட்ரஸ் வேணும். உடனே!"

நியாயமான கேள்வியாகத்தான் தோன்றியது.

அந்த மாடி அறைக்குக் கீழே டயர் கடை. மேலே ஒரு கம்ப்யூட்டர் சங்கம், அதற்கு ஒரே ஒரு பெரிய யூனிக்ஸ் கம்ப்யூட்டர். அறுநூற்றுச் சொச்சம் பேர் அதற்குள் ஒண்டுக்குடித்தனம் செய்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கணக்குத் திறக்கலாம். ஆளுக்கு ஒரு பேர், ஒரு மூலை, ஒரு மெயில்பெட்டி. அத்தனை மூலைக்கும் சாவி வைத்திருக்கும் தலைமைக் கணக்குக்கு 'ரூட்' என்று பெயர். அந்தச் சாவி ஒன்பது வருடமாக இவளிடம். ரூட் அக்கா ஆகிவிட்டாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

"நீங்கதானே இங்க எல்லாம்?" என்றார் இன்ஸ்பெக்டர். "அவ மெயிலைத் தெறந்து காட்டுங்களேன்."

"முடியும்."

"காட்டுங்க."

"மாட்டேன்."

"போலீஸ் கேக்குது மேடம்!"

"கோர்ட் கேட்டா காட்டுவேன் சார். எங்கேர்ந்து படிச்சாங்கன்னு வேணும்னா பாக்கறேன். கொலைன்னு சொல்றீங்க, அதனால."

இன்ஸ்பெக்டரின் தாடை ஒரு முறை அசைந்து நின்றது.

"பாருங்க."

"இங்க மெயில் படிக்க நாலு வழி இருக்கு. ஒண்ணு, டெர்மினல். நேரா மெஷினுக்குள்ள நுழைஞ்சு கறுப்புத் திரையில படிக்கறது. வீட்ல இருந்தும் நுழையலாம். இல்லேன்னா பின்னாடி ரூம்ல நாலு டெர்மினல் போட்டிருக்கோம், அங்க வந்தும் உட்காரலாம்."

இன்ஸ்பெக்டரின் பார்வை ப்ளைவுட் தடுப்பில் இருந்த கதவுக்குத் தாவியது.

"உள்ள யாரு?"

"தெரியாது சார். பின் தெருப்பக்கம் அவங்களுக்குத் தனிப் படிக்கட்டு, நம்பர் பூட்டு. வருவாங்க, போவாங்க. நான் பெருக்கறதுக்குத்தான் போவேன்."

"ம். ரெண்டாவது?"

"வெப் பக்கம். எந்த ஊர்ல, எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தும் பேரும் பாஸ்வேர்டும் போட்டுப் படிக்கலாம். இருங்க, இந்த ரெண்டையும் மொதல்ல பார்த்துடறேன்."

மானிட்டரின் முதுகு இன்ஸ்பெக்டருக்கு. முகம் இவளுக்கு.

'இப்போது உள்ளே யார் யார்?' என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள்.

பதினோரு பெயர்கள் விழுந்தன.

ஏழாவது பெயர்... தையல்!

பக்கத்தில், 'டெர்மினல் 4. காலை 9.10 முதல்.'

ரூட் அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

நாலாம் நம்பர் டெர்மினல்... ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம்! பத்தடி தூரம்!

செத்தவளின் பாஸ்வேர்டோடு ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். கொலைகாரன்! பெருக்கிய தரையில் காலை நீட்டிக்கொண்டு!

"சார்..." என்று வாயைத் திறந்தாள்.

"என்ன மேடம்?"

அப்போதுதான் அடுத்த பட்டியல் கண்ணில் பட்டது. வெப் பக்கத்தில் தையலின் பெயரைப் போட்டு, பாஸ்வேர்டு தப்பாகித் திரும்பிய முயற்சிகள். நாற்பத்தொன்று! எல்லாம் ஒரே போனிலிருந்து, ஒரே இன்டர்நெட் நம்பர் முகவரியிலிருந்து. கடைசி முயற்சி, இன்று காலை பத்து இருபது.

திறந்த வாயை மூடினாள்.

பாஸ்வேர்டு கைவசம் உள்ள ஆள் ஒன்பது பத்திலிருந்து உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்க, பத்து இருபதுக்கு வெளியே நின்று கதவைத் தட்டியது யார்?

அது வேற ஆள்!

"ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒரு ஃபாரம் நிரப்பணும் சார்."

"என்ன ஃபாரம்?"

"போலீஸ் விசாரணைன்னா ஃபாரம் இல்லாம ஒரு எழுத்தும் வெளிய குடுக்கக் கூடாதுன்னு கமிட்டி தீர்மானம். எங்க வெப்சைட்லயே இருக்கு. உங்க போன்லயே நிரப்பிடலாம். பேரு, பதவி, ஸ்டேஷன். ரெண்டு நிமிஷ வேலை."

அப்படி ஒரு தீர்மானமும் இல்லை. டெர்மினல் பழுதானால் புகார் எழுதும் ஃபாரம் அது. கமிட்டியோ, போன வருடமே கலைந்துவிட்டது.

"நாட்டுல எங்க போனாலும் ஃபாரம்!" இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டே போனைக் குடைந்தார்.

அவர் பக்கத்தைத் திறந்தார். இவள் திரையில் ஒரு வரி முளைத்தது. வந்த முகவரி. வந்த போனின் மாடல்.

நாற்பத்தொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அதே முகவரி. அதே போன்!

முதல் முயற்சியின் தேதியைப் பார்த்தாள். எட்டு நாளைக்கு முன்னால்.

முந்தாநாள் செத்ததாகச் சொல்கிறார். எட்டு நாளாகப் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்!

இவர் போலீஸ் இல்லை.

'கல்யாணம் ஆயிடுச்சாம்மா?' என்று தையலிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். 'ஆச்சுக்கா. அதான் தனியா ஒரு மெயில் வேணும்' என்று பதில் வந்தது. அப்போது அது ஒரு பதிலாகவே தோன்றவில்லை.

இப்போது தோன்றியது. முதுகுத்தண்டு முழுக்கத் தோன்றியது.

ரூட் அக்கா இருபது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். லைனில் யார் கத்தினாலும், அழுதாலும், அவள் குரல் ஏறாது, இறங்காது. அந்தக் குரலை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பதவிங்கற இடத்துல முழுசாப் போடுங்க சார். சுருக்கமாப் போட்டா ஏத்துக்காது."

"போடறேன், போடறேன்."

ஒரே மெஷினில் இருக்கிறவர்கள் ஒருவர் திரையில் ஒருவர் எழுதலாம். அவன் குனிந்திருந்த நேரத்தில் நாலாம் நம்பர் திரைக்கு எழுதினாள்.

'தையலா?'

மூன்று விநாடி.

'ஆமாக்கா.'

உயிரோடு இருக்கிறாள்! ரூட் அக்கா வேகமாகத் தட்டினாள்.

'முன் ரூமில் ஒருத்தன். போலீஸ் என்கிறான். உன் புருஷன் என்று நினைக்கிறேன். பின் படிக்கட்டில் ஓடு. இப்பவே!'

நாற்காலி கிறீச்சிட்டது. உள்ளே அல்ல. எதிரே!

"என்ன மேடம், டைப் அடிச்சிட்டே இருக்கீங்க?"

எழுந்துவிட்டான். மேஜையைச் சுற்றி வந்தான். ஒரு எட்டு... இரண்டு எட்டு...

ஒரே தட்டு! திரை துடைத்த மாதிரி ஆனது. கறுப்பில் ஒரு கட்டம் மட்டும் மினுக்கியது.

"ஒண்ணுமே இல்லியே?" அவன் மூச்சு அவள் காதோரம் பட்டது.

"தேடிட்டிருக்கு சார். பழைய மெஷின். ஆள் நின்னு பாத்தா இன்னும் மெதுவாத் தேடும். உக்காருங்க."

ஒரு முறை முறைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினான்.

திரையில் பதில் விழுந்தது.

'தெரியும்க்கா. குரல் கேட்டதுமே தெரிஞ்சுது. கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.'

இருக்கோம்?

'கோம்' எங்கிருந்து வந்தது? உள்ளே எத்தனை பேர்?

அடுத்த வரி வந்தது. 'இன்னும் அஞ்சு நிமிஷம் அவரைப் பேச வைங்க. ப்ளீஸ்க்கா.'

பேச வைப்பது என்றால்... ஓடச் சொல்லியும் அவள் ஓடவில்லை. இடையில் இருப்பது அரை அங்குல ப்ளைவுட். அவன் ஓர் உதை விட்டால் பிளந்துவிடும்.

ஆனால் அவள் கேட்கிறாள்.

"ஃபாரம் அனுப்பிட்டேன்," என்றான். "சொல்லுங்க. எங்கேர்ந்து படிக்கிறான்?"

"டெர்மினல்லயும் இல்ல, வெப் பக்கத்துலயும் இல்ல சார்." வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களிலேயே நேர்த்தியான பொய் அது. "அப்ப மூணாவது வழியாத்தான் இருக்கணும். போன்ல ஒரு மெயில் ஆப் போட்டு வச்சுக்கறது. அது தானாவே வந்து மெயிலை அள்ளிட்டுப் போயிடும். செத்தவங்க போனு எங்கயாவது உயிரோட கெடந்தா, மெயில் படிச்ச நேரமும் மாறிட்டே இருக்கும்."

"இல்ல, அது இல்ல."

"எப்படி சார் உறுதியாச் சொல்றீங்க? போன் யார் கையிலயாவது..."

"அவ போன் இல்லவே இல்ல மேடம்! அன்னிக்கே அதப் புடுங்கி நான்தான் செவுத்துல அடிச்சு..."

சட்டென்று பேச்சை நிறுத்தினான்.

கீழே டயர் கடையில் யாரோ சம்மட்டியால் இரும்பை அடித்தார்கள்.

"...அடிச்சு உடைச்சிருக்கான். கொலைகாரன். அதத்தான் சொன்னேன்."

"சரிங்க சார்," என்றாள் ரூட் அக்கா. "அப்ப நாலாவது வழி. ஃபார்வேர்டு. வர்ற மெயிலை எல்லாம் இன்னொரு அட்ரஸுக்குத் திருப்பி விட்டுடறது. ஒரே ஒரு வரி எழுதி வச்சா போதும். அப்புறம் மெயில் இங்க தங்கவே தங்காது."

"யாருக்குத் திருப்பியிருக்கா?"

"பாக்கணும். ஆனா இதுல என்ன கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுது சார்? அந்தப் பொண்ணுதான் செத்துட்டாளே."

"மேடம்!" மேஜையில் ஓங்கிக் குத்தினான். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. "அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க! பதினோரு நாளாத் தேடறேன்! அக்கா வீடு, தங்கச்சி வீடு, அவ வேலை பாக்கற கடை... ஒரு இடம் பாக்கி இல்ல! எனக்குத் தெரியாம ஒரு மெயில்! எனக்குத் தெரியாம ஒரு பாஸ்வேர்டு! பொண்டாட்டின்னா ஒரு பயம் வேணாம்? கையில கெடைச்சா..."

"கெடைச்சா?"

"ஏரியில மிதப்பா!"

"ஏற்கெனவே மிதந்தாச்சுன்னு சொன்னீங்களே சார்?"

அவன் முகத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் கழன்று போனார்.

கை மேஜையைத் தாண்டி வந்தது. ரூட் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வளையல் எலும்பில் அழுந்தியது.

"பின்னாடி ரூம் சாவி எங்கடி?"

"சாவி எதுக்கு? தெறந்துதான் இருக்கு," என்றது ஒரு குரல்.

ப்ளைவுட் கதவு திறந்தது!

முதலில் வெளியே வந்தது ஒரு காக்கிச் சட்டை. அதற்குள் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர். கையில் ஒரு கத்தைக் காகிதம். பின்னாலேயே ஒரு கான்ஸ்டபிள்.

அவர்களுக்குப் பின்னால், உயிரோடு, உதடு நடுங்க, ஆனால் நிமிர்ந்து... தையல்.

அவன் பிடி தளர்ந்தது. ரூட் அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"சாரிம்மா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு," என்றார் காக்கிச் சட்டைப் பெண்மணி, அவள் மணிக்கட்டைப் பார்த்தபடி. "இவங்க காலையில கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தாங்க. புருஷன் மெயில்லயே மிரட்டறாருன்னாங்க. மெயிலைக் கண்ணால பார்த்து, ஒண்ணொண்ணா பிரிண்ட் எடுத்துட்டிருந்தோம். முப்பத்தாறு உருப்படி. முடியற நேரத்துல பாருங்க, ஆளே நேர்ல வந்து முப்பத்தேழாவதை வாயால சொல்லிட்டார்."

"இது... இது குடும்ப விஷயம் மேடம்!" அவன் தடுமாறினான். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்! ஏய், நீ சொல்லேன் இவங்ககிட்ட!"

தையல் அவனை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் செத்துட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். "செத்தவ எப்படிப் பேசுவா?"

கான்ஸ்டபிள் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

ரூட் அக்கா மானிட்டரைத் திருப்பிவைத்தாள்.

"மேடம், இதையும் பிரிண்ட் எடுத்துக்கங்க. ஒரு ஃபாரம். அவர் கையாலயே நிரப்பினது. எந்த போன்ல இருந்து, எத்தனை மணிக்குன்னு எல்லாம் பதிவாயிருக்கு."

காக்கிச் சட்டைப் பெண்மணி குனிந்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"பதவி... இன்ஸ்பெக்டர் ஆஃப் போலீஸ். பரவாயில்ல, ஸ்பெல்லிங் சரியாப் போட்டிருக்கீங்க. ஸ்டேஷன்... அட! நம்ம ஸ்டேஷன்!"

அவன் அப்போதுதான் அவர் தோள்பட்டையைப் பார்த்தான். மூன்று நட்சத்திரங்கள்!

கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின. கான்ஸ்டபிள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எங்க ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் போஸ்ட் காலி இல்ல சார்," என்றார் நிஜ இன்ஸ்பெக்டர், காகிதக் கத்தையை அடுக்கித் தட்டியபடி. "லாக்கப்புலதான் ஒரு வேகன்சி இருக்கு... இன்னிக்கே ஜாயின் பண்ணிக்கலாம்!"