ஓடுபாதையில் நனையாத இடங்கள்

நாள் கணக்காகப் பெய்த மழையில் பழைய விமான மைதானம் முழுவதும் ஊறிக் கிடந்தும், ஓடுபாதையின் ஓரத்தில் சில இடங்கள் மட்டும் நனையவே இல்லை என்பதை சத்யபாமா அன்று சாயங்காலம்தான் கவனித்தாள்.

அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வெளியே வந்திருந்தாள். கான்கிரீட் தளம் கறுத்து மினுமினுத்தது. விரிசல்களில் முளைத்திருந்த புல் மழையின் அடியில் படுத்துக் கிடந்தது. எங்கோ கட்டிப்போட்டிருந்த ஆடு ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பின் ஓரத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில் இரண்டு சின்னத் திட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. அதற்கப்பால் இன்னும் இரண்டு. கண்ணுக்கெட்டிய வரை அப்படியே வரிசையாகப் போயின. அருகில் போய்க் குனிந்து பார்த்தாள். குதிகாலும் விரல்களும் தெரிந்தன. எல்லாப் பாதங்களும் பாதையின் நடுவைப் பார்த்தபடி இருந்தன. மழை அங்கேயும் விழுந்துகொண்டுதான் இருந்தது. தரைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அவள் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு இருக்கிற பயமே போதும் என்று நினைத்தாள்.

தம்பி உதயசூரியனின் பெயர் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் குலுக்கலில் விழுந்திருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் நகரத்தின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய அவர்கள் தெருவில் வாசலில் நின்று அவன் பெயரை உரக்கக் கூப்பிட்டவர்கள், மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பையனை அப்படித்தான் கூட்டிப்போனார்கள். அவன் எங்கே செத்தான் என்பதுகூட அவன் அம்மாவுக்குத் தெரியாது. சத்யபாமா தையல் கம்பெனி வேலையை அப்படியே போட்டுவிட்டு, விடியுமுன் தம்பியை மீன் கூடைக்காரர்களோடு படகில் ஏற்றி ஆற்றைத் தாண்டி டாலாவுக்குக் கொண்டுவந்தாள். அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் அவள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்காமல் போனதற்கும் அவன்தான் காரணம். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இடம் கொடுத்தது தைலம்மாள். டாலா சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தாள். அம்மாவோடு சேர்ந்து கோயிலுக்குத் தீச்சட்டி எடுத்தவள். "பழைய மைதானத்துல ஒரு வீடு சும்மாத்தான் கெடக்கு. அந்தப் பக்கம் எவனும் தேடி வர மாட்டான்மா. இருக்கிற வரைக்கும் இருங்க" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் சத்யபாமாவைப் பார்க்கவில்லை. உதயனைத்தான் பார்த்தாள், தலையிலிருந்து கால் வரை.

வந்த புதிதில் உதயன் கொஞ்சம் சிரித்த முகமாகத்தான் இருந்தான். கட்டடப் படிப்பு படித்தவன். இடத்தின் அமைப்பு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஆள் நடமாட்டம் அடங்கும் அந்தி நேரத்தில் வெளியே சுற்றிவிட்டு வந்து, சேற்றில் குச்சியால் கோடு போட்டு அக்காவுக்குக் காட்டினான்.

"இது பெரிய ஓடுபாதை. இந்த ரெண்டு சின்னது குறுக்க வந்து முக்கோணமா சேருது. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் ஒண்ணுல எறங்கலாம். புதுசா ஓட்டப் பழகுறவனுக்கு அது வேணும்ல? உலகச் சண்டைக் காலத்துல இது பள்ளிக்கூடம் அக்கா. பசங்க ப்ளேன் ஓட்டப் பழகுன எடம்."

"இந்த மண்மேடு எல்லாம்?"

"லாடம் மாதிரி வளைஞ்சிருக்குல்ல, அதுக்குள்ளதான் ப்ளேன ஒளிச்சு வச்சாங்க. குண்டு விழுந்தா ஒண்ணு மட்டும்தான் போகும். அதான் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கான். நம்ம வீடும் ஒரு லாடத்துக்குள்ளதான் இருக்கு." அவன் சிரித்தான். "இப்ப என்னை ஒளிச்சு வச்சிருக்கு."

பிறகு குச்சியைப் பெரிய கோட்டின் ஓரமாக ஓட்டிக்கொண்டே, "ஒண்ணுதான் புரியல. பொழுது சாயுறப்ப எப்பிடி எறங்குனாங்க? ரெண்டு ஓரமும் பாத்துட்டேன். விளக்குக் கம்பம் நட்ட குழி இல்ல, வயர் போன தடம் இல்ல. ஒண்ணுமே இல்ல" என்றான்.

நனையாத பாதங்களை அவள் பார்த்ததற்கு அடுத்த நாள் அந்தியில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் யாரோ ஜெனரேட்டர் போடுகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு அது தலைக்கு மேலே போயிற்று. கரகரவென்று இழுத்து இழுத்து, நடுவில் ஒருமுறை நின்று, இருமிவிட்டு மறுபடி தொடர்ந்தது. பட்டாளமே ஊர்கள்மேல் குண்டு போடும் இந்த நாட்டில் இப்போதெல்லாம் விமானச் சத்தம் கேட்டால் எந்தக் குழந்தையும் தரையில் படுத்துவிடும். அவளும் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலடியில் புகுந்தாள். சத்தம் மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். இறங்குவதற்கு இடம் தேடுவதுபோல் தாழ்ந்தது, மனசு மாறியதுபோல் ஏறியது. கதவிடுக்கு வழியே அவள் வெளியே பார்த்தாள். அடுத்த மண்மேட்டுக்குள் குடியிருந்தவளின் பிள்ளைகள் மழையில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைகூட வானத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து உதயன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இருட்டத் தொடங்கும்போது வாசலில் போய் நின்றான், கூப்பிட்டால் திரும்பவில்லை. வீட்டுக்குள் ஒரு வாடை வந்து தங்கியது. எரிந்த எண்ணெய் வாடை, அதற்கடியில் மயிர் பொசுங்குகிற வாடை. கதவைத் திறந்து வைத்தாலும் போகவில்லை, ஊதுபத்தி கொளுத்தினாலும் போகவில்லை. ஒருநாள் சோறு பிசையும்போது அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். இரண்டு கையும் சிவந்து, நடுவில் கொப்புளம் கட்டியிருந்தது.

"என்னடா இது?"

"சட்டிய தொட்டுட்டேன்."

"ரெண்டு கையாலயுமா?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அக்கா, வெளிய பேர் கூப்பிடுறாங்க. நம்ம பாஷைலதான். ஒவ்வொருத்தரா 'இருக்கேன்'ங்கிறாங்க. ஒரு பேருக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல. திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க."

"யார் பேரு?"

"மொதல்ல யாரோ பேரு. நேத்துதான் என் பேரா மாறுச்சு."

அவன் கையில் மஞ்சள் தடவிவிட்டு, அன்று முழுக்க அவள் கதவுக்குக் குறுக்கே படுத்திருந்தாள். மறுநாள் மதியம் மழை கொஞ்சம் விட்டதும், தம்பியை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனாள். எப்படியாவது திரும்பிப் போய்விட வேண்டும். நகரத்தில் லான்மடா பக்கம் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருந்தார். காலில் விழுந்தாவது அவர் கிடங்கில் ஒரு மூலை கேட்கலாம். ஆனால் துறை வரை போக முடியவில்லை. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் காஜா மைதீன் பாதி வழியிலேயே வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்.

"திரும்பிப் போங்க தங்கச்சி. துறைல பட்டாளத்து லாரி நிக்குது. படகுல வர்ற வயசுப் பசங்கள எல்லாம் எறக்கி ஏத்துறாங்க. கெழக்கு ரோட்டுலயும் நிக்கிறாங்க. உங்க தம்பி தலைய வெளிய காட்டக்கூடாது."

அவள் நேராகத் தைலம்மாளின் வீட்டுக்குப் போனாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தைலம்மாள் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, வேற எடம் குடுங்க. ஆட்டுக் கொட்டாயா இருந்தாலும் சரி. அந்த வீட்டுல எதோ இருக்கு."

தைலம்மாளின் கை நின்றது. "பேர் கூப்பிட்டாச்சா?"

சத்யபாமா ஓர் அடி பின்னே வைத்தாள். அவள் எதையும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"எங்க தாத்தாவும் அங்க வேல செஞ்ச கூலி" என்றாள் தைலம்மாள். குரல் தட்டையாக இருந்தது. "பகல்ல கல்லு சுமந்தாங்க. பொழுது சாஞ்சா பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு விளக்கக் குடுத்து ஓடுபாதைக்கு ரெண்டு பக்கமும் நிக்க வச்சாங்க. மேல இருந்து வர்ற பசங்களுக்கு வழி தெரியணும்ல? காத்துல விளக்கு அணைஞ்சா அடி. அதனால கையிலயே எண்ணெய ஊத்தித் துணிய சுத்திக்கிட்டவங்க உண்டு. பழகுற பயலுக சரியாவா எறங்குவாங்க? ஒரு றெக்க சாஞ்சா ஒரு வரிசையே போயிடும். மறுநாள் புது ஆளு."

"அதுக்கும் என் தம்பிக்கும் என்ன?"

"ஒருநாள் ஒருத்தன் பேர் கூப்பிடுறப்ப ஓடிட்டான். அந்த எடம் இருட்டா போச்சு. வந்த ப்ளேன் அந்த இருட்டுக்குள்ள எறங்கி, ரெண்டு பக்கமும் நின்ன அத்தன பேரும்..." அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். "கூப்பிட்டு வராம ஓடுன ஒருத்தன்தான் அந்த எடத்துக்கு வேணும். அவங்க அப்பிடி ஒருத்தனத்தான் தேடுறாங்க."

"தெரிஞ்சேவா எங்களக் கொண்டுவந்து வச்சீங்க?"

உள்ளறையில் யாரோ இருமினார்கள். இளம் ஆண் குரல். தைலம்மாள் எழுந்து அந்தக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. ஆனால் நகரவில்லை.

"மூத்தவன் போயிட்டான். இவனும் ஒளிஞ்சுதான் இருக்கான். போன மாசம் அந்த விளக்குக்காரங்க எங்க வாசல்ல நின்னு இவன் பேர கூப்பிட்டாங்க. வேற ஒருத்தன் போய் நின்னா இவன விட்டுருவாங்க. நான் என்ன செய்ய? நீயா இருந்தா என்ன செய்வ?"

சத்யபாமா வெளியே வந்தாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவள் ஓடினாள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வயல் வரப்பு காலை வழுக்கியது. ஒரு செருப்பு சேற்றில் போயிற்று, இன்னொன்றை அவளே உதறினாள். மைதானத்தின் பழைய காவல் கோபுரம் இடிந்து கிடந்த செங்கல் குவியலைத் தாண்டியபோதே அந்தச் சத்தம் மேலே வந்துவிட்டது. கரகரவென்று. இழுத்து இழுத்து.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள்.

கட்டில் காலி. தட்டில் சோறு அப்படியே இருந்தது. பின்சுவர் மூங்கில் தட்டி முழுசாக இருந்தது. ஒரு கீற்றுகூட விலகவில்லை.

"உதயா!"

திரும்பி வாசலைப் பார்த்தாள்.

ஓடுபாதையில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்து முனையில் ஒன்று. எதிரில் ஒன்று. பிறகு அடுத்தது. மஞ்சள் நிறத்தில், மழையில் அணையாமல், மனிதத் தலைக்குச் சற்று மேலே. வெளிச்சத்தின் கீழே எலும்பும் தோலுமான கைகள் தெரிந்தன. இடுப்புத் துணிகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவோ. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. வரிசையின் ஓரமாக ஓடினாள், ஒவ்வொருவரையும் தாண்டி. பொசுங்கும் வாடை அவள்மேல் வந்து மோதியது.

நடுவில் அவன் நின்றான். நீலச் சட்டையில். இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கியிருந்தான். விளக்கு எதுவும் இல்லை. உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

"அடே, வாடா! வந்துடுடா!" இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். கான்கிரீட்டில் நட்ட கம்பம்போல் இருந்தான். கன்னத்தில் அறைந்தாள். கண் திரும்பியது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அசைக்காத அக்கா. எறங்கப் போகுது. நான் இருட்டா போனா எல்லாரும் செத்துருவாங்க."

"அவங்க செத்தவங்கடா!"

"அவங்களுக்கு அது தெரியாது."

சத்தம் திரும்பியது. ஓடுபாதையின் மறுகோடியில் இருட்டு ஒரு உருவமாகத் திரண்டு தாழ்ந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

யோசிக்க நேரமில்லை. யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் தன் கைகளைத் தூக்கி, அவன் கைகளுக்கு மேல் கவிழ்த்து, நெருப்பை அள்ளினாள். வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக. வலி எலும்பு வரை இறங்கியது. கால்கள் தரையில் இறுகின. உதயன் சட்டென்று தளர்ந்து சேற்றில் விழுந்தான்.

"ஓடு!" என்று கத்தினாள். "நிக்காத! ஓடு!"

அவன் எழுந்தான். அவளைப் பார்த்தான். ஓடினான். ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்து மேட்டை நோக்கி. மழைக்குள் நீலச் சட்டை மங்கிச் சிறுத்து மறைந்தது. தப்பித்துவிட்டான். கை எரிந்தது. எரியட்டும். தப்பித்துவிட்டான்.

எங்கோ ஒரு குரல் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கியது. நிதானமாக, சலிப்போடு. இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

அவள் பெயர் வந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"இருக்கேன்."

அடுத்து வந்தது, நின்ற இடத்தை விட்டு மறுபடியும் ஓடியவனின் பெயர். அதற்குப் பதில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அவளுக்கு நேர் எதிரே. அவள் வளர்த்த குரல்.

அங்கே ஒரு வெளிச்சம் ஏறியது. அதன் கீழே உதயசூரியன் நின்றான், அவளைப் பார்த்தபடி, இரண்டு கையும் உயர. இருவராலும் கையை இறக்க முடியவில்லை. இருவருக்கும் நடுவே சக்கரங்கள் தரையைத் தொட்டன.