பின்பக்கம் தாழ்ந்த கார்

காரின் பின்பக்கம் நேற்றைவிடத் தாழ்ந்திருந்தது.

நேற்று மாலை சுமித்திரா பின் பம்பருக்குக் கீழே ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்து, அதற்கு மேலே தன் கை தாராளமாக நுழைகிறது என்று பார்த்துத் திருப்தியோடு படுக்கப் போனாள். இன்று காலை அந்தச் செங்கல்லை இழுத்தாள். வரவில்லை. பம்பர் அதன் தலையில் உட்கார்ந்திருந்தது.

டயர்களில் காற்று இருந்தது. கீழே ஊர்ந்து போய்ப் பார்த்தாள். பாரம் தாங்கும் இரும்புப் பட்டை வில்லுகள் உடையவில்லை, பாரம் ஏற்றிய வண்டியில் போல நேராகி நின்றன. டிக்கியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, மூலையில் ஒரு கைப்பிடி மண்தான். நேற்றும் கூட்டினாள், முந்தாநாளும் கூட்டினாள். அவர்கள் இருக்கும் அக்கராயன் மண் கறுப்பு. இது கடற்கரை வெள்ளை. துருப்பிடித்த ஓட்டைகளுக்குள்ளிருந்து கொட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

பூவரசங்குளத்தில் பழைய இரும்பு வாங்குபவரிடம் அடிமாட்டு விலைக்கு எடுத்த டீசல் கார் அது. கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்கால் கடற்கரைப் பக்கம் வருடக்கணக்காக மண்ணில் கிடந்ததாம். அதை விற்றுத் தள்ளுவதில் அந்த மனிதருக்கு இருந்த அவசரத்தை அவள் அப்போதே கவனித்தாள், கவனித்தும் வாங்கினாள். கணவன் தவராசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். போன மாரியில் மதகுக்கு மேலால் வெள்ளம் பாய, ஓட்டோக்காரன் பாதி வழியில் திருப்பிவிட்டான். அன்று அவர் அவள் மடியிலேயே போயிருப்பார். இனி ஒருவனுடைய வாகனத்துக்கும் கைநீட்டி நிற்பதில்லை என்று அவள் அன்று முடிவெடுத்தாள். வயலுக்கு ஓடும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் அவளுடையவை. எண்ணெயையும் காற்றையும் அளவாகக் கொடுத்தால் எந்த டீசல் எஞ்சினும் ஓடும். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

காருக்குக் கீழே படுத்து டீசல் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேலே தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. பஸ்ஸில் போய்வந்த எவருக்கும் அது தெரியும். ஒரு தட்டு என்றால் நிற்பாட்டு. இரண்டு தட்டு என்றால் எல்லாரும் ஏறியாயிற்று, எடு.

"இஞ்சாருங்கோ, தட்டாதேங்கோ. இன்னும் ஸ்டார்ட் வரேல்லை."

"நான் உள்ளுக்கை படுத்திருக்கிறன்," என்று வீட்டுக்குள்ளிருந்து தவராசாவின் குரல் வந்தது. "ஆர் தட்டினது?"

அவள் ஊர்ந்து வெளியே வந்து பார்த்தாள், காரைச் சுற்றி ஒருவரும் இல்லை. முதலில் கோபம் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

புது டீசல் ஊற்றி, குழாய்க்குள் அடைபட்ட காற்றை எடுக்கத் தொடங்கினாள். நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அமத்தினால் நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். இங்கே நுரை வரவில்லை. நீளமாக ஒரு மூச்சு வந்தது. அது முடிய இன்னொன்று, வேறொரு நெஞ்சிலிருந்து வருவதுபோல. ஒன்று கனமாக, ஒன்று இழுத்து இழுத்து, ஒன்று மிகச் சிறியதாக. நனைந்த துணியும் காயத்துக்குப் போடும் மருந்தும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. விரலில் வழிந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. காறித் துப்பினாள்.

"வயலுக்கை உப்புத்தண்ணி ஏறினதுக்குப் பயந்து நான் வயலை விட்டனானோ?" என்று காரைப் பார்த்து உரத்துக் கேட்டாள். கைப்பம்பைத் திரும்பப் பிடித்து, டீசல் வரும்வரை அமத்தினாள்.

பொழுதுபடத் தவராசா சுவரைப் பிடித்துப் பிடித்து விறாந்தைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது. காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடும் சுமி. அது ஆக்களோட நிக்குது."

"நிண்டா நிக்கட்டும். உங்களுக்கு முன்சீற் கிடக்குது."

மழை பிடித்தது. கரண்ட் போனது. சற்று நேரத்தில் அவருடைய மூச்சு இழுக்கத் தொடங்கியது, போன மாரியில் கேட்ட அதே இழுப்பு. எடுத்த முடிவையும் மறந்து ஓட்டோக்காரனுக்கு அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. அவரைத் தோளில் சாய்த்து முன் இருக்கையில் இருத்தினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சூடாவதைக் காட்டும் ஹீற்றர் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்தாள். எஞ்சின் முக்கியது. நின்றது. மறுபடி முக்கியது. பிடித்துக்கொண்டது.

இரண்டு தட்டு.

கார் பின்னால் இன்னும் இறங்கியது. முன்விளக்கு வெளிச்சம் பனை மட்டைகளுக்கு ஏறியது.

அவள் கை கதவுப்பிடிக்குப் போனது. இறங்கி ஓடலாம். ஆனால் இந்த மனிதரை எங்கே விட்டுவிட்டு ஓடுவது? பின்னால் தெரியாதபடி உள்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"ஏறினவை ஏறினதுதான்," என்றாள், திரும்பாமல். "ஆனா நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறன். வேற எங்கையும் போகமாட்டன்."

மதகில் வெள்ளம் பாய்ந்தது. மற்ற வண்டிகளை இழுத்துப்போகும் வெள்ளம். இந்தக் கார் இழுபடாமல் கடந்தது, பாரம் அப்படி. கண்ணாடிகளில் மூச்சுப் படிந்தது. பின்னாலிருந்து. அவளுடைய கழுத்தில் ஈரம். துடைத்தாள். மண். ஏ ஒன்பது வீதியில் ஏறியதும் ஸ்டியரிங் தானாகப் பரந்தன் பக்கம் இழுத்தது, முள்ளிவாய்க்கால் கடலுக்குப் போகும் வழி. இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பினாள்.

"முதல் ஆஸ்பத்திரி!"

இழுவை விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் அடித்தாள். வேலையாள் ஒருவர் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து தவராசாவை ஏற்றினார். அவர் கை அசைந்தது. உயிர் இருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். சுமித்திராவுக்கு அழுகை வந்தது. சாவியைத் திருப்பி உருவினாள்.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவி கையில். எஞ்சின் ஓடியது.

திரும்பி வந்த வேலையாள் பின்கதவைத் திறந்தார். குனிந்தார். அப்படியே நின்றார். பிறகு உள்ளே பார்த்து, குரல் உடையக் கத்தினார்.

"ட்ரொலி கொண்டு வாங்கோ! இருக்கிற எல்லாத்தையும் கொண்டு வாங்கோ! அக்கா, எத்தினை பேரை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

அவள் திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியில் ட்ரொலிகள் மட்டும் தெரிந்தன. ஒன்று போனது. இன்னொன்று போனது. தண்ணீர் சொட்டியது. நிலமெங்கும் வெள்ளை மண். ஒரு சின்னக் கால், ஒற்றைச் செருப்போடு. அதற்குப் பின்னால் இன்னொரு கால்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

"இறங்குங்கோ. ஒருத்தரும் மிச்சம் விடாமல் இறங்குங்கோ. அதுவரைக்கும் நான் எடுக்கமாட்டன்."

ட்ரொலிகள் மழைக்குள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. எத்தனை பேரை இறக்கியும் காரின் பின்பக்கம் ஒரு விரற்கடைகூட உயரவில்லை.